படத்துக்குக் கீழே கிடந்த பெயர்

1

சென்ற சனிக்கிழமை இங்கே நியூசிலாந்தில், ஓக்லண்டின் பாபடோயிட்டோ பகுதியில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் அடுத்த வருடத்துக் கலண்டர் தந்தார்கள். வள்ளி தெய்வானையோடு முருகன். கீழே கடையின் பெயர், தொலைபேசி இலக்கம். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில், 'ஊர் மீன், ஆட்டிறைச்சி, வீடியோ கசெட் வாடகைக்கு உண்டு.' வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் காய்ச்சாத வீடு எங்களுடையது. அந்த வீட்டுக்கு முருகன் ஆட்டிறைச்சியோடு வந்து சேர்ந்திருக்கிறார்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்கிற நீங்கள் பனியையும் ஆடுகளையும் எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓக்லண்டில் பனி கொட்டுவதில்லை. ஆடு மேலே சொன்ன கலண்டரில் இருக்கிறது. நான் எழுதப்போவது அந்தக் கலண்டரின் கீழ்ப்பகுதியைப் பற்றித்தான்.

ஊரில் என்றால் இது ஒரு கதையே இல்லை. வருடம் முடிந்ததும் கடையின் பெயரை வெட்டி எறிந்துவிட்டு, சாமியைக் கண்ணாடிக்குள் போட்டு மாட்டுவீர்கள். எங்கள் வீட்டில் அதையே தொழிலாகச் செய்த மனிதர் ஒருவர் இருக்கிறார், என் கணவர். கலண்டர் வந்த நாளிலிருந்து மேசையில் கிடக்கிறது. அவர் அதைப் பார்ப்பதும் இல்லை, கத்தியை எடுப்பதும் இல்லை. ஏன் என்று சொல்வதற்கு நான் அமெரிக்காவின் பேஸ்போல் வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

2

இவர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் படக்கடை வைத்திருந்தவர். சாமிப் படம், கலியாணப் படம், பட்டமளிப்புப் படம் எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டு, பிறேம் அடித்துக் கொடுக்கிற கடை. தை மாதம் பிறந்தால் சனம் பழைய கலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் நல்ல கலண்டர் அடித்துக் கொடுத்தவர்கள் சுருட்டு முதலாளிமார். படம் இந்தியாவிலிருந்து அச்சாகி வரும். கீழே வெறுமையாக விட்டிருக்கும் இடத்தில் சுருட்டுக் கடையின் பெயர் ஏறும். மேலே சரஸ்வதி, கீழே கோடா என்ற பாணியில் தோய்த்த சுருட்டு. வருடம் முழுவதும் அது ஒருவருக்கும் உறுத்தாது. நாட்களெல்லாம் கிழிந்து முடிந்து, வெறும் படம் மிஞ்சியபிறகுதான் உறுத்தும். சாமியை எறிய மனம் வராது, சுருட்டைக் கும்பிடவும் மனம் வராது.

வெட்டட்டுமா என்று இவர் ஒருவரையும் கேட்டதில்லை. ஊரில் அதைக் கேட்பது, சாப்பிட வந்தவரிடம் இலை போடட்டுமா என்று கேட்பது மாதிரி. இரும்பு அடிமட்டத்தை வைத்து ஒரே இழுவை. சுருட்டுக்காரரின் பெயர் மேசைக்குக் கீழே விழும். பின்னேரம் கடையைக் கூட்டும்போது ஊரிலுள்ள வியாபாரிகள் எல்லாரும் தும்புத்தடிக்கு முன்னால் உருண்டு போவார்கள்.

"இண்டைக்கு எத்தினை முதலாளிமாரைக் கூட்டி அள்ளினனீங்கள்?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஊரை நினைத்து உருகுகிறேன் என்று எண்ணவேண்டாம். அந்தக் கடையில் பசை நாற்றமும் கண்ணாடித் தூசியும்தான் இருந்தன. கடைசி வருடங்களில் சாமிப் படம் குறைந்துவிட்டது. தாய்மார் சண்டையில் போன பிள்ளைகளின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, பெரிதாக்கிப் பிறேம் போடச் சொன்னார்கள். மீசை அரும்பாத முகங்கள். அவற்றில் வெட்டி எறிய ஒன்றும் இருக்கவில்லை. இவர் மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினார். கடையைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அன்று எங்களுக்கு அழுகை வரவில்லை, மூச்சு வந்தது.

3

இந்த நாட்டில் மனிதருக்கு முதலில் வைக்கிற கேள்வி என்ன வேலை தெரியும் என்பதல்ல, அதற்கு என்ன அத்தாட்சி என்பது.

வேலை தேடித் தரும் அலுவலகத்தில் எங்களுக்காகக் கதைத்தவள் மகள் சாம்பவி. அப்போது சின்னப் பிள்ளை. இங்கே வந்த ஒரு வருடத்துக்குள் அவளுக்கு ஆங்கிலம் பிடிபட்டுவிட்டது, எங்களுக்குப் பிடிபடவில்லை. படத்துக்குப் பிறேம் போடுகிறவர் என்று அவள் சொன்னதும், அங்கிருந்த பெண் சான்றிதழ் கேட்டார். படக்கடைக்காரருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? அடுத்த தடவை இவர் தாமே பிறேம் போட்ட பிள்ளையார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். இதுதான் என் சான்றிதழ் என்று மேசைமேல் வைத்தார்.

அந்தப் பெண் நல்லவர். அழகாக இருக்கிறது என்றார். ஆனால் இதைக் கோப்புக்குள் வைக்க முடியாதே என்றார். பிறகு யோசித்து, பிள்ளையாரைத் தூக்கிப் போட்டோக் கொப்பி இயந்திரத்தில் குப்புறக் கிடத்தினார். பிறேமின் விளிம்பு படத்தை இயந்திரத்தில் படியவிடாததால் ஒரு கறுத்த தாள்தான் வெளியே வந்தது. அந்தக் கறுத்த தாளைத்தான் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம். அந்தச் சிரிப்பு கனநாள் நிலைக்கவில்லை. இவர் விமான நிலையத்தில் கழிப்பறை கழுவப் போனார். நான் முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கப் போனேன், இப்போதும் போகிறேன்.

வருடங்கள் போயின. சாம்பவி வளர்ந்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே சப்பாத்துக் கொம்பனியின் பெயர் எழுதிய சட்டையைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு திரிகிறாள். விளம்பரம் செய்வதற்கு அவர்களல்லவா உனக்குக் காசு தரவேண்டும் என்று கேட்டால், கண்ணை மேலே சுழற்றுகிறாள்.

இங்கே நாங்கள் இருக்கும் த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மதுரைக்காரப் பெண் இருக்கிறார். அவர்தான் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்.

"அண்ணா, மெயின் ரோட்டுல ஒரு ஃபிரேம் கடைல ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்காங்க. ஆமா, நேத்துதான் பார்த்தேன். சீக்கிரம் போங்க."

கடைக்காரி ஜில் என்ற வெள்ளைக்காரப் பெண். அவர் சான்றிதழ் கேட்கவில்லை. கத்தியையும் ஒரு அட்டையையும் கையில் கொடுத்து, நடுவில் சதுரமாக வெட்டச் சொன்னார். வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வேலைக்காரர் இடுப்பில் கட்டும் ஒரு ஏப்பிரனை எடுத்து நீட்டினார். முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்று பேச்சு.

இவர் அந்த ஏப்பிரனை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதிரையின் முதுகில் போட்டுவைத்தார். என்னைத் தோய்க்கக்கூட விடவில்லை. கழிப்பறை நாற்றம் மறந்து, மனிதர் மாலையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அந்த வேலை நிலைத்துவிடவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

4

மூன்றாம் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, வால்டர் என்ற வயது போன அமெரிக்கர் கடைக்கு வந்தார். நியூசிலாந்துப் பெண்ணைக் கட்டி இங்கே வந்து தங்கிவிட்டவர். அவரும் ஒருவகையில் எங்கள் ஆள்தான். ஒரு தகரப் பெட்டிக்குள் மெல்லிய தாள் சுற்றி, பத்து அட்டைகள் கொண்டுவந்திருந்தார். அவருடைய தாத்தா சிறுவயதில் சேர்த்தவை.

பேஸ்போல் என்பது அவர்கள் நாட்டு விளையாட்டு. ஏறக்குறைய எங்கள் ஊரில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற எல்லே. அட்டை ஒவ்வொன்றும் ஒரு சிகரெட் பெட்டிக்குள் அடங்கும் அளவு. அதில் ஒரு ஆட்டக்காரர், மார்பளவுக்கு. தொப்பி, கழுத்தை மூடிய சட்டை, முறுக்கிய மீசை. அச்சு என்று சொன்னால் நம்பமுடியாதாம், கன்னத்தில் இருந்த சிவப்பு கையால் தடவியது போல இருந்ததாம். இந்தக் காலத்துப் படங்களைப் போல வழுவழுப்பில்லை, சாயம் தாளில் ஊறி இருந்தது என்று இவர் அன்றிரவு எனக்குச் சொன்னார். இவர் ஒரு படத்தைப் பற்றி அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

ஆட்டக்காரரின் பெயருக்குக் கீழே, அட்டையின் அடியில், ஒரு சிகரெட் கொம்பனியின் பெயர் பெரிய எழுத்தில் கிடந்தது.

வால்டர் அந்த அட்டைகளை இரண்டு கையாலும் ஏந்தித்தான் மேசையில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்க மனமில்லாமல் நின்றார். பத்தையும் ஒரே சட்டத்துக்குள் போட்டுத் தரவேண்டும், மகனின் கலியாணத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். ஜில் அளவையும் மரத்தின் நிறத்தையும் குறித்து இவரிடம் கொடுத்துவிட்டு, அன்று வேளைக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் வயிறெரிகிற விஷயம். ஒருவர் இரண்டு கையால் ஏந்திவருகிற படம். தாத்தாவிலிருந்து பேரனின் பிள்ளைக்குப் போகிற படம். அதன் காலடியில் புகையிலை. இவருடைய கை யோசிக்கவில்லை. அடிமட்டத்தை வைத்து, பத்து அட்டையிலும் சிகரெட்டின் பெயரை வெட்டி எடுத்துவிட்டார். மயிரிழை பிசகாத வெட்டு. அதற்கு மேலதிகமாக ஒரு சதமும் கேட்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கலியாணப் பரிசல்லவா, துப்புரவாக இருக்கட்டும் என்று செய்தார். வெட்டிய துண்டுகளை ஊரில் செய்வதுபோலக் கூட்டி அள்ளிக் குப்பைப் பைக்குள் போட்டார். சட்டத்தையும் அன்றே போட்டு முடித்தார். திங்கட்கிழமை காலையில் குப்பை லொறி வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

5

திங்கட்கிழமை பின்னேரம், இவர் வேலையால் வந்தபிறகு, ஜில் தொலைபேசி எடுத்தார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு வரச் சொன்னார். பள்ளிக்கூட உடுப்போடு இருந்த சாம்பவியை அழைத்துக்கொண்டு மூவரும் போனோம்.

படத்தை எடுத்துப்போக வந்த வால்டர் அங்கே உட்கார்ந்திருந்தார். சட்டத்தைப் பிரித்து, அட்டைகளை உள்ளங்கையில் அடுக்கி வைத்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் அவர்தான் கதைத்தார். சாம்பவி தமிழில் சொன்னாள். எங்களோடு தமிழே கதைக்காதவள், அன்று வசனம் வசனமாகத் தேடித்தேடிச் சொன்னாள்.

"அப்பா, அந்தக் காலத்திலை சிகரெட் பெட்டி மெல்லிசாம். நசியாமல் இருக்கிறதுக்கு இந்த அட்டையை வைச்சவையாம். பிறகு ஆக்கள் படத்துக்காகவே சிகரெட் வாங்கத் தொடங்கிட்டினமாம். எல்லா ஆட்டக்காரரையும் சேர்க்க வேணும் எண்டு திரும்பத் திரும்ப வாங்கினவையாம். கொம்பனி நல்ல ஓவியர்மாரைப் பிடிச்சு, கல்லிலை கீறி, ஒவ்வொரு நிறமா அச்சடிச்சதாம். அந்தப் பேர்தான் முக்கியமாம் அப்பா. அது இருந்தால்தான் இது உண்மையான அட்டையாம். இப்ப இது வெறும் படமாம். ஒருத்தரும் வாங்க மாட்டினமாம், காட்டவும் ஏலாதாம்."

இவர் கேட்டுக்கொண்டு நின்றார். கையை ஏப்பிரனில் துடைப்பதுபோல வெறும் காற்சட்டையில் துடைத்தார்.

ஜில் சொன்னதையும் அவள் சொன்னாள். நட்டத்தை ஜில்தான் கட்டவேண்டும். இனி இவரை வைத்திருக்க முடியாது. அதைச் சொல்லும்போது சாம்பவியின் குரல் இறங்கிவிட்டது.

அப்போது வால்டர் இவரைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அது எனக்கும் விளங்கியது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

அவர் பழி போடுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். எப்போது வந்தாய், எந்த விசா, எப்போது திரும்பிப் போவாய். ஏன் என்று ஒரு மனிதர் கேட்டது அதுதான் முதல் தடவை.

இவர் நிமிர்ந்தார். மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, அவருக்கு வடிவாச் சொல்லு. அவர் அந்தப் படங்களைக் கொண்டந்து வைச்ச விதத்தைக் கண்டனான். சாமிப் படத்தைப் பிடிக்கிற மாதிரித்தான் பிடிச்சவர். அதுக்குக் கீழை சிகரெட்டின்ரை பேர் கிடந்தது. எங்கடை ஊரிலை லட்சுமிக்குக் கீழை சுருட்டுக்காரன்ரை பேர் கிடக்கும். அதை வெட்டிப்போட்டுத்தான் கண்ணாடிக்குள்ளை வைக்கிறது. கும்பிடுற படத்திலை வியாபாரம் இருக்கக்கூடாது. நான் பழுதாக்கேல்லை எண்டு சொல்லு. மரியாதைக்குச் செய்தனான் எண்டு சொல்லு."

சாம்பவி முழுவதையும் கேட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது, முகத்தில் தெரிந்தது. பிறகு வால்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஹி சேஸ் ஹி இஸ் ஸொறி."

வால்டர் தலையை ஆட்டினார். இல்லை, நான் ஏன் என்று கேட்டேன் என்றார்.

"ஹி இஸ் வெரி ஸொறி" என்றாள் சாம்பவி.

ஸொறி என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத அகதி உலகத்தில் இல்லை. இவர் மகளைப் பார்த்தார். நான் பொறுக்கமுடியாமல் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் நாடு, கடவுள் படம், கடைப் பெயர், வெட்டுவது என்று தொடங்கினேன். ஜில் என் கையைப் பிடித்து, பரவாயில்லை, பரவாயில்லை என்றார். ஆறுதல் சொல்லி வாயை அடைப்பதில் இந்த ஊர்க்காரர் கெட்டிக்காரர்.

"அப்பா சொன்னதைச் சொல்லடி" என்றேன்.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள்.

வால்டர் அட்டைகளைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எழுந்து போகும்போது இவரை ஒருமுறை பார்த்தார், இவரும் அவரைப் பார்த்தார். ஓக்லண்டில் இருக்கும் அத்தனை வெள்ளைக்காரரிலும் இவர் சொன்னதை விளங்கிக்கொள்ளக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். படத்தை இரண்டு கையால் பிடிக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் கேட்டதற்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டார்.

6

பஸ் தரிப்பில் நான் மகளோடு சண்டை பிடித்தேன். அவள் அழுதுகொண்டு, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள். சாமி, கும்பிடுறது, சுருட்டு என்று சொல்லியிருந்தால் அவர்கள் அப்பாவுக்கு விசர், பைத்தியம் என்று நினைத்திருப்பார்களாம். ஸொறி சொன்னால் இங்கே பிரச்சினை முடிந்துவிடுமாம். அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னாளாம்.

அவள் பொய் சொல்லவில்லை. பிரச்சினை முடிந்துதான் போனது. வேலையும் முடிந்தது. இவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறு வாரம் விமான நிலையத்துக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு உடுப்புத் தோய்க்கிற நேரங்களில் நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அந்த அமெரிக்கர் சொன்னது நியாயம்தான். சுருட்டுக்காரன் காசு போட்டு அடித்திராவிட்டால் லட்சுமி எங்கள் சுவருக்கு வந்திருக்கவே மாட்டாள். சாமி மேலுள்ள பக்தியால் எந்தக் கடைக்காரனும் எங்களுக்கு இலவசமாகப் படம் தந்ததில்லை. நாங்கள் படத்தை வாங்கிக்கொண்டு, தந்தவனின் பெயரைத் தும்புத்தடியால் கூட்டினோம். இவர்கள் தந்தவனின் பெயரையும் சேர்த்துக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். எது நேர்மை என்று கேட்டால் இவர்களுடையதுதான் நேர்மை என்று சொல்லவேண்டிவரும். சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் அந்தக் கணக்கு படத்தோடு நிற்பதில்லை. இங்கே மனிதரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். முகம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் கீழே ஒரு கொம்பனியின் பெயரோ பல்கலைக்கழகத்தின் பெயரோ இருக்கவேண்டும். இவருக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு கறுத்த தாள்தான் இருக்கிறது, அதுவும் கோப்புக்குள்.

எனக்கு மகள்மேல் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பெற்ற பிள்ளைமேல் இப்படி ஆத்திரப்படுவது பாவம் என்று தெரியும். அவளும் வெட்டத்தான் செய்தாள். அப்பா துப்புரவாகத் தெரியவேண்டும் என்று வெட்டினாள்.

7

இன்று வெள்ளிக்கிழமை. நான் வேலையால் வந்து முழுகிவிட்டுச் சாமி அறைக்குப் போனேன். சாமி அறை என்றால் துவாய்கள் வைக்கிற அலுமாரி, கதவைக் கழற்றிவிட்டோம். உள்ளே புதிதாக ஒரு பிறேம் தொங்கியது. நான் இதை எழுதத் தொடங்கியபோது மேசையில் கிடந்த கலண்டரை இவர் எடுத்திருக்கிறார். திகதிக் கட்டைக் கழற்றித் தனியாக ஆணியில் கொழுவிவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். மூலைகள் பொருந்தியிருந்த அழகை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகுதான் கீழே பார்த்தேன். கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், ஊர் மீன், ஆட்டிறைச்சி, வீடியோ கசெட், எல்லாம் அப்படியே இருந்தன.

"இதென்னப்பா, வெட்டாமலே போட்டிருக்கிறியள்?" என்றேன்.

இவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

சாம்பவி பள்ளிக்கூடத்தால் வந்தவள் எட்டிப் பார்த்தாள். முருகனுக்குக் கீழே ஆட்டிறைச்சியைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன மாதங்களுக்குப் பிறகு இவரோடு தானாகவே கதைத்தாள், அதுவும் தமிழில்.

"அப்பா, ஏன் கீழை வெட்டேல்லை?"

இவர் எண்ணெய்ப் போத்தலின் மூடியை இறுக்கினார்.

"ஸொறி" என்றார்.

அவள் அது பகிடி என்று நினைத்திருக்கவேண்டும். இன்னும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இல்லையப்பா, நான் ஏன் எண்டு கேட்டனான்."

இவர் அவளை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"வெரி ஸொறி" என்றார்.

சாம்பவியின் சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். நான் கற்பூரத்தைக் கொளுத்தி முருகனுக்குக் காட்டினேன். தட்டு கீழே வந்தபோது ஆட்டிறைச்சிக்கும் வெளிச்சம் பட்டது.